தாலிக்கொடியை அடகு வைத்துத் தொப்புள்கொடியைச் சேமிப்பதா?

போடிநாயக்கனூரில் எனக்குத் தெரிந்த ஜீப் டிரைவர் ஒருவர் இருக்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து விடுவார். ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறுவார். மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டு வந்து விடுவார். கல்யாணமாகி மூன்று ஆண்டு கழித்து, இப்போதுதான் அவர் மனைவி முழுகாமல் இருக்கிறார்.

சென்ற மாதம் அவர் என்னைத் தேடி வந்தார். கையில் வழவழப்பான வண்ணக் காகிதம். அதில் சிரிக்கும் குழந்தையின் படம்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து உறைய வைப்பாங்களாம். நாளைக்குப் பிள்ளைக்கு நோய் நொடி வந்தா அதை வச்சே குணப்படுத்தலாமாம். பணம்தான் நெறையக் கேக்குறாங்க. தவணையும் உண்டாம். முதல் தவணைக்கு அவ தாலிக்கொடியை வைக்கலாமான்னு யோசனை."

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அவ வைக்கலாம்னுதான் சொல்றா. எங்க ஆத்தாதான் சண்டை போடுது."

ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இந்தச் சண்டையில் நான் ஆத்தா கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

குருத்தணு என்றால் என்ன?

முதலில் ஒன்றைச் சொல்லி விட வேண்டும். உறைய வைக்கும் வித்தை பொய் அல்ல. அது உண்மையான விஞ்ஞானம்.

வாழையின் நடுவில் குருத்து இருக்கிறது. அதிலிருந்துதான் இலை வருகிறது. பூவும் வருகிறது. நம் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் இப்படிக் குருத்துப் போன்ற அணுக்கள் இருக்கின்றன. இவற்றைக் குருத்தணு என்று சொல்லலாம். டாக்டர்கள் ஸ்டெம் செல் என்பார்கள். இரத்தத்தில் உள்ள சிவப்பு அணு, வெள்ளை அணு எல்லாம் இவற்றிலிருந்து பிறப்பவைதான். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் கொஞ்சம் இரத்தம் தங்கி விடும். அந்த இரத்தத்திலும் குருத்தணுக்கள் உண்டு.

சில இரத்த நோய்களில் நோயாளியின் மஜ்ஜை கெட்டுப் போகிறது. அப்போது கெட்டதை மருந்தால் அழித்து விட்டு, நல்ல குருத்தணுக்களை உடலில் ஏற்றுகிறார்கள். அவை எலும்புக்குள் போய்க் குடியேறிப் புது இரத்தத்தை உண்டாக்குகின்றன. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை 1986ஆம் ஆண்டிலேயே தொடங்கி விட்டது.

புகை வரும் கேன்

குருத்தணுவை எப்படி உறைய வைக்கிறார்கள்? அதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். கால்நடை ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடும்போது ஒரு கேனைத் திறப்பார்கள். வெள்ளைப் புகை குபுகுபு என்று வரும். அதற்குள் இருப்பது திரவ நைட்ரஜன். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்! அந்தக் குளிரில் காளையின் விந்து பல ஆண்டுகள் கெடாமல் இருக்கிறது. குருத்தணுவைச் சேமிக்கும் வித்தையும் இதே குடும்பம்தான்.

இந்த வித்தை பிறந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் சேவலின் விந்தை உறைய வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரைக் கரைசலில் போட்டார்கள். உருக்கியதும் எல்லாம் செத்துப் போயிற்று. பல மாதம் கழித்து, குளிர் அறையில் கிடந்த பழைய பாட்டிலை எடுத்து மறுபடியும் முயன்றார்கள். இந்தத் தடவை பிழைத்துக் கொண்டது! என்ன மாயம் என்று பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சோதித்தார்கள். அது சர்க்கரைக் கரைசலே அல்ல. கிளிசரின் கலந்த வேறு ஏதோ ஒன்று. எப்படியோ பாட்டில் மாறிப் போயிருந்தது! இது நடந்து 1949இல் செய்தி வெளிவந்தது. அந்தப் பாட்டில் மாறாமல் இருந்திருந்தால் இன்றைய சினை ஊசி எத்தனை ஆண்டு தள்ளிப் போயிருக்குமோ!

கிளிசரின் ஏன் தேவை? ஒரு தக்காளியை ஃப்ரீசரில் போட்டு மறுநாள் வெளியே எடுத்துப் பாருங்கள். கொழகொழ என்று ஆகி விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸாகி விடுவதுதான் காரணம். ஐஸ் ஊசி போலக் கூராக வளர்ந்து கிழிக்கிறது. உயிரணுவுக்கும் இதே கதிதான். கிளிசரின் போன்ற மருந்து கலந்தால் ஐஸின் கொடுமை குறைகிறது.

1959இல் இன்னொரு மருந்து கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டி.எம்.எஸ்.ஓ. இன்றைக்கும் குருத்தணுக்களை உறைய வைக்கப் பெரும்பாலும் இதைத்தான் சேர்க்கிறார்கள்.

ஏலக்காய் ஸ்டோரில் உள்ள பாடம்

மருந்து மட்டும் போதாது. பக்குவமும் வேண்டும். அந்தப் பக்குவம் போடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய்தான் கிடைக்கும். ஸ்டோரில் இரவெல்லாம் கண் விழித்து, மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் காய் வெடிக்கும். பச்சை நிறம் வெளுக்கும். ஏல மையத்தில் வியாபாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்து விட்டுக் கீழே போட்டு விடுவார். சூடு போதாவிட்டால் ஈரம் தங்கும். பூஞ்சணம் பிடிக்கும்.

குருத்தணுவிலும் தண்ணீரை அளவோடு வெளியேற்றுவதுதான் சூட்சுமம். இங்கே நெருப்புக்குப் பதில் குளிர். வேகமாகக் குளிர வைத்தால், தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் அணுவுக்குள்ளேயே ஐஸாகி விடும். மெதுவாகக் குளிர வைத்தால், தண்ணீர் அதிகமாக வெளியேறி, அணு உப்புக் கரைசலில் கிடந்து சுருங்கிச் சாகும். பீட்டர் மேசர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களிலும் 1970களிலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். இரத்தக் குருத்தணுவுக்கு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று இறக்குவதுதான் சரியான வேகம். நன்றாக உறைந்த பிறகு திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். திரும்ப எடுக்கும்போது நேர் எதிர்! உடம்புச் சூடுள்ள வெந்நீரில் வைத்துச் சில நிமிஷத்தில் உருக்கி விட வேண்டும்.

இப்படிப் பக்குவமாக வைத்தால் 27 ஆண்டு கழித்து எடுத்தாலும் குருத்தணுக்கள் வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள்.

தங்கை கொடுத்த உயிர்

1988ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் செயிண்ட் லூயி ஆஸ்பத்திரி. ஃபேன்கோனி என்ற கொடிய இரத்த சோகை நோயால் வாடிய அமெரிக்கச் சிறுவனுக்கு, டாக்டர் எலியான் குளுக்மன் என்ற பெண்மணி தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றினார். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அமெரிக்காவில் எடுத்து, உறைய வைத்து, விமானத்தில் கொண்டு போன இரத்தம் அது. சிறுவன் பிழைத்தான். வளர்ந்து ஆளானான்.

அந்த இரத்தம் யாருடையது? அவனுடையதா? இல்லை. அப்போது பிறந்த அவன் தங்கையுடையது!

வண்ணக் காகிதம் இதை அழுத்திச் சொல்வதில்லை. பிறவியிலேயே வரும் இரத்த நோய் என்றால், குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். தலசீமியாக் குழந்தைக்கு அதன் சொந்த இரத்தத்தையே ஏற்றி என்ன பயன்? நோய் பிடித்த செடியின் கிழங்கை எடுத்து அதே தோட்டத்தில் நடுவது போலத்தான். இரத்தப் புற்றுநோயிலும் நோயின் வித்து சொந்த அணுவிலேயே ஒளிந்திருக்கலாம்.

அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறையில், பிற்காலத்தில் சொந்த உபயோகத்துக்கு என்று தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று சொல்லி விட்டது. அடுத்த ஆண்டு குழந்தை டாக்டர்கள் சங்கமும் இதையே சொன்னது. சொந்தக் குழந்தைக்கே அது உபயோகப்படும் வாய்ப்பு மிக மிக அபூர்வம்.

நம் சென்னையில் உள்ள லைஃப்செல் கம்பெனி 2017இல் ஒரு மாறுதல் செய்தது. பணம் கட்டியவர்கள் எல்லோரும் தங்கள் சேமிப்பை ஒன்றாகக் கலந்து, யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக் கொள்ளும் ஏற்பாடு. தனித்தனிப் பானையை விட ஊர்ப் பொதுக் குதிர் மேல்தான். ஆனால் அந்தக் குதிரிலும் காசு கட்டியவருக்குத்தான் நெல். மலைக்குக் கூலிக்குப் போகிறவளின் பிள்ளைக்கு அதில் பங்கு இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, தாய் மறுபடியும் முழுகாமல் இருந்தால், அடுத்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கும்படி டாக்டரே சொல்வார். அப்போது தட்டாமல் செய்ய வேண்டும். பாரிஸ் சிறுவன் பிழைத்தது அந்த வழியில்தான்.

சிங்கப்பூரில் நடந்தது

சரி, பணம் இருக்கிறது, சேமித்தே தீருவேன் என்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் சிங்கப்பூர்ச் செய்தியைக் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் கார்டுலைஃப் என்ற தனியார் சேமிப்பு வங்கி இருக்கிறது. அங்கே இருந்த 22 தொட்டிகளில் 7 தொட்டிகள், இருக்க வேண்டிய குளிரில் இல்லை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2023 நவம்பரில் அறிவித்தது. கோளாறு 2020ஆம் ஆண்டிலிருந்தே நடந்திருக்கிறது! முதல் கணக்கில் சுமார் 2,200 பைகள் கெட்டுப் போயின. எத்தனை தாய்மார்கள் நம்பிக்கையோடு கொடுத்த இரத்தம்! சிங்கப்பூர் போன்ற கட்டுப்பாடான ஊரிலேயே இது நடந்தது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 2018 மார்ச்சில் இன்னொன்று. உறைய வைத்திருந்த 4,000க்கும் மேற்பட்ட கரு முட்டைகளும் கருக்களும் ஒரே இரவில் பாழாயின. ஆபத்து வந்தால் ஊழியர்களுக்குத் தகவல் கொடுக்கும் அலாரம் அணைக்கப்பட்டிருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக் கேனிலும் அப்படித்தான். நைட்ரஜன் குறையக் குறைய ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை மறந்தால் போயிற்று. மாட்டுக்காரர் என்றால், ஊசி பலிக்கவில்லை என்று அடுத்த மாதமே வந்து கேட்பார். தொப்புள்கொடி இரத்தத்தை யார் போய்க் கேட்பது? இருபது ஆண்டு கழித்து எடுக்கும்போதுதான் கெட்டது தெரியும். அதுவரைக்கும் தவணை மட்டும் போய்க் கொண்டே இருக்கும்.

ஆகவே, சேமிப்பை மேம்படுத்துவது என்றால் புதுப்புது மருந்து கண்டுபிடிப்பது மட்டும் அல்ல என்பது என் கருத்து. மருந்திலும் முன்னேற்றம் வேண்டியதுதான். டி.எம்.எஸ்.ஓ. கலந்த அணுக்களை ஏற்றும்போது சில நோயாளிகளுக்குக் குமட்டும், வாந்தி வரும். மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அதைக் குறைக்க டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகள் நடக்கட்டும்.

ஆனால் ஏலக்காயை மூட்டையோடு யாராவது வாங்குவார்களா? கையில் எடுத்துப் பார்க்கிறோம். விதைக்கு முளைப்புச் சோதனை வைக்கிறோம். குருத்தணுவுக்கும் முளைப்புச் சோதனை உண்டு! இரத்தப் பையோடு ஒரு சிறு குழாய்த் துண்டையும் சேர்த்தே உறைய வைப்பார்கள். பையைத் தொடாமல் அந்தத் துண்டை மட்டும் உருக்கி, எத்தனை அணு உயிரோடு இருக்கிறது, எத்தனை அணு வளர்ந்து பெருகுகிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு வங்கியும் இப்படிச் சோதித்த முடிவை ஆண்டுதோறும் பத்திரிகையில் போட வேண்டும் என்று சர்க்கார் சட்டம் செய்தால் என்ன? தொட்டியின் குளிர் எந்த நாளில் எவ்வளவு இருந்தது என்பதையும் வெளியிடட்டும். கம்பெனி மூடிப் போனால் பைகளை யார் பொறுப்பேற்பது என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். தவணை வாங்குகிறவர்கள் இதைச் செய்யத் தயங்கக் கூடாது.

தூரமும் கணக்கில் சேர வேண்டும். பொதுச் சேமிப்புக்கு எடுத்த இரத்தத்தை 48 மணி நேரத்துக்குள் உறைய வைக்க வேண்டும் என்பது உலக நியதி. போடியிலிருந்து சென்னை 500 கிலோ மீட்டருக்கு மேல். இரவில் குழந்தை பிறந்து, மறுநாள் பண்டிகையாகவும் இருந்து விட்டால்?

முதல் உரிமை பிள்ளைக்கு

இன்னொன்று. இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெடுக்கென்று வெட்டக் கூடாது. ஒரு நிமிஷமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் கொடியில் இருக்கும் இரத்தம் பிள்ளையின் உடம்புக்குள் போகிறது. அதில் இரும்புச் சத்து இருக்கிறது. அடுத்த சில மாதங்களுக்குச் சோகை பிடிக்காமல் அது காக்கிறது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்த சோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. விடியற்காலையில் தூக்குவாளிக் கஞ்சியோடு ஜீப் ஏறுகிற தாயின் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷ இரத்தம் எவ்வளவு பெரிது! பையை நிரப்ப வேண்டும் என்று அவசரமாக வெட்டினால், பிள்ளையின் சொத்தைப் பிடுங்கிப் பிள்ளையின் பெயரிலேயே போட்டு வைப்பது போல் ஆகும். நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

சாதாரண ஃப்ரிட்ஜ் போதும்!

குளிர்ச் சேமிப்பில் ஏழைக்கு உதவிய முன்னேற்றம் எது தெரியுமா? நைட்ரஜனே இல்லாத முன்னேற்றம்!

மைலோமா என்று ஒரு மஜ்ஜைப் புற்றுநோய். இதற்கு நோயாளியின் சொந்தக் குருத்தணுவையே எடுத்து வைத்து, கடுமையான மருந்து கொடுத்து, பிறகு திருப்பி ஏற்றுகிறார்கள். அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போய் விடும். ஒன்றிரண்டு நாளில் அணுக்களைத் திருப்பி ஏற்றி விடலாம். அதற்குப் போய் 196 டிகிரிக் குளிர் எதற்கு? நம் நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் இரத்த வங்கியின் ஃப்ரிட்ஜிலேயே, 4 டிகிரியில், சில நாள் வைத்து ஏற்றி விடுகிறார்கள். நல்ல பலன் தருகிறது. டி.எம்.எஸ்.ஓ. இல்லை. வாந்தி இல்லை. செலவும் குறைவு. நீண்ட காலம் வைக்க வேண்டிய அணுவுக்கு இது சரிப்படாதுதான். ஆனால் இப்படிப்பட்ட மூளையைத்தான் நான் மெச்சுவேன். பெரிய தொட்டி வாங்குவதை விட, குருத்தணுவைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்த ஆட்களையும் அறைகளையும் தென் மாவட்டத்துச் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் பெருக்கினால், மலையடிவாரத்து ஜனங்களுக்கு எட்டும்.

பொது ஜனங்கள் செய்யக் கூடியதும் ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு தேவையில்லை. கூடப் பிறந்தவர்களின் குருத்தணு முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பொருந்தாதவர்கள் வெளியாரைத் தேட வேண்டும். நம்மவர்களுக்குப் பொருந்துகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்களிடையேதான் கிடைப்பார்கள். இதற்காகச் சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் நடக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். பெயரைப் பதிந்து கொள்கிறார்கள். என்றைக்காவது யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். சில நாள் ஊசி போட்டு, இரத்த தானம் போலவே கையிலிருந்து எடுத்துக் கொள்வார்கள். எலும்பை உடைக்க மாட்டார்கள். பயப்பட வேண்டாம். இந்தச் சேமிப்புக்குத் தொட்டியும் வேண்டாம், நைட்ரஜனும் வேண்டாம். அணுக்கள் கொடையாளியின் எலும்புக்குள் பத்திரமாகவே இருக்கும்.

ஜீப் டிரைவரிடம் இவ்வளவையும் சொன்னேன். வண்ணக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பிரசவம் பாக்குற டாக்டரம்மாகிட்ட ஒரு நிமிஷம் பொறுத்து வெட்டச் சொல்லிக் கேக்கலாமாண்ணே? கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"கேளுங்கள். அவர்களுக்கே தெரிந்த விஷயம்தான்."

"அந்தக் கன்னத்துப் பஞ்சு, எனக்கு எடுப்பாங்களா?"

"உங்களுக்கு என்ன வயது?"

"இருபத்தொம்பது."

"எடுப்பார்கள்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "அண்ணே, ஒரு உதவி. நகையை வைக்கலைங்கிறதை எங்க ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் போய்ச் சொன்னா, பாத்தியா நான் அப்பவே சொன்னேன்னு அது வாரக்கணக்குல பேசிக்கிட்டே இருக்கும்."